பாண்டியம்மாள் ஊதிய மூச்சு

போடியில் ஒரு நுரையீரல் டாக்டரின் கிளினிக்கில், வருகிறவர்களை ஊதச் சொல்லும் வேலை எனக்கு. "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று நாள் முழுக்கக் கத்தி, ஊதுகிறவர்களைவிட நான்தான் அதிகம் மூச்சு வாங்குகிறேன். ஒரே சொல்லைச் சொல்லி வயிறு வளர்க்கும் கண்டக்டர்கள், வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால் என் தொண்டைக்காகக் கொஞ்சம் பரிதாபப்படுங்கள். மூச்சை அளக்கும் மிஷின் மாடி அறையில் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மலை. மேகம் இறங்கினால் பாதி மலையைக் காணோம். அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது, கனவுதான் ஓடும்.

சாம்பல்

பாண்டியம்மாள் வந்தது அப்படி ஒரு நாளில். சிலமலை ஊர்க்காரர், வயது ஐம்பத்திரண்டு. ஜீப்பில் மலையேறி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஸ்டோர் வரை ஒரு ஏற்றம். இரண்டு வருஷமாக அதில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுகிறாராம். சளியில் காசநோய் இல்லை, எக்ஸ்ரேயிலும் பெரிதாக எதுவும் இல்லை. அதனால் கங்காணி முதல் வீட்டுக்காரர் வரை அவருக்கு வைத்த பெயர் சோம்பேறி. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று கங்காணி சொல்லப் போவதாகப் பேச்சு.

மூக்கில் கிளிப் மாட்டி, "மூச்சை நல்லா இழுத்து, ஒரே வீச்சுல வேகமா ஊதுங்கம்மா" என்றேன். அவர் ஃபூ, ஃபூ என்று துண்டு துண்டாக, பதமாக ஊதினார். மூன்று தடவையும் அதே கதை. எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன். வருஷக்கணக்காக அடுப்பில் ஊதாங்குழல் பிடித்த வாய் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவர் குழாயை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"வேகமா ஊதுனா சாம்பல் பறந்து கண்ணுல விழும்ல, தாயி."

பீடி

நான்காம் தடவை சரியாக ஊதினார். பீடி, சிகரெட் உண்டா என்பது படிவத்தில் அடுத்த கேள்வி. கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். புகை உண்டா என்று மாற்றிக் கேட்டேன். ஸ்டோரில் இருபது வருஷப் புகை, வீட்டில் விறகடுப்பு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் பீடி வாசனை. என் எழுத்தில் ஏதோ மோசடி நடப்பதுபோல் எட்டிப் பார்த்தார்.

"பீடி குடிக்கிறது நானு. இவளுக்கு எப்படிம்மா நெஞ்சு கெடும்?"

இருபது நிமிஷம்

மருந்தை உறிஞ்சக் கொடுத்து, இருபது நிமிஷம் கழித்து மறுபடி ஊதச் சொல்வோம். ஆஸ்துமா என்றால் பெரும்பாலும் மூச்சுக்குழாய் நன்றாகத் திறந்துகொள்ளும். திறக்காமல் நின்றால் அது நாள்பட்ட நுரையீரல் அடைப்பாக இருக்கலாம். புகை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவைத்த வேலை.

வீட்டுக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார். பாண்டியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சேலையில் ஏலக்காய் மணம். குரங்கணிப் பக்கம் மேகம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவர் கை நீட்டி ஸ்டோர் இருக்கும் திசையைக் காட்ட, மனசுக்குள் நானும் அந்த ஏற்றத்தில் அவரோடு நடந்தேன். மலையைப் பார்த்தபடியே அவர் பேசினார்:

"அங்கன ஒரு பாறை இருக்கு தாயி. உக்காந்தா எந்திரிக்க மனசே வராது. ஒருவேளை நான் சோம்பேறிதானோ?"

தாள்

மருந்துக்குப் பிறகு ஊதிய கோடு, முன்பு ஊதிய கோட்டின் மேலேயே போய்ப் படுத்துக்கொண்டது. நல்ல மூச்சின் கோடு ஏறிவிட்டு நேராக இறங்கும். இவருடையது ஈரத்துணி போட்ட கொடிபோலத் தொய்ந்து கிடந்தது. தாளை எடுத்துப்போய் டாக்டரிடம் கொடுத்தேன்.

டாக்டர் விளக்கினார். நாள்பட்ட அடைப்புதான், முழுதாகக் குணமாகாது. தினமும் இன்ஹேலர் எடுத்து, புகையை விட்டு விலகினால் மூச்சு லேசாகும், மிச்சத்தைக் காப்பாற்றலாம். அடுப்பு வேலையிலிருந்து ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்கு மாற்றச் சொல்லி எழுதித் தருவதாகவும் சொன்னார். டீ குடித்துத் திரும்பியிருந்த வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பாண்டியம்மாள் அழுவார் என்று நினைத்தேன். அவர் முகமோ மலர்ந்துவிட்டது.

"அப்ப நான் சோம்பேறி இல்லைல? அதயும் சேத்து எழுதுங்க சார். கங்காணிக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணு, ரெண்டாக் குடுங்க."

ஒரே வீட்டில் இருப்பவருக்கு இரண்டு வருஷமாகத் தெரியாததை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துச் சொல்லத்தான், வாசகர்களே, எங்களுக்குச் சம்பளம்.