துரையின் கடிதத்தில் 786

மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்த சாதிகாவுக்கு நாலாயிரம் வாசகர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. ஹார்வுட் பிரபு என்ற வெள்ளைக்காரத் துரையின் சாகசங்களை மாதம் ஒரு பாக்கெட் நாவலாக எழுதிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு புத்தகம் வந்துவிட்டது. எல்லா அட்டையிலும் எழுதியவர் பெயர் விஜய்ஆனந்த் என்றிருக்கும். அப்படி ஒரு ஆளே கிடையாது.

கணவர் முகமது யாசீன் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகள் ஷிபா ஷார்ஜாவிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும் கூப்பிடுவாள். மற்ற ஆறு நாளும் சாதிகாவுக்குப் பேச்சுத்துணை அந்தத் துரைதான்.

துரை கிடைத்தது ஒரு பழைய நூலகத்தில். அங்கே அவள் பன்னிரண்டு வருடம் புத்தகம் அடுக்கும் வேலை பார்த்தாள். மூலையில் கிடந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தில், விக்டோரியா ராணி காலத்தில் மதுரைப் பக்கம் வேட்டைக்கு வந்த ஒரு பிரபுவைப் பற்றி மூன்றே வரி இருந்தது. வந்தார், இரண்டு சிறுத்தைகளைச் சுட்டார், காய்ச்சலில் செத்தார். அவர் வந்தது தாது வருடப் பஞ்சத்தின்போது. கூடாரத்தில் துரைமார் விருந்து சாப்பிட, கொஞ்சம் தள்ளி ஒருவேளைக் கஞ்சிக்காகச் சனங்கள் கல் உடைத்துச் சுருண்டு விழுந்த காலம். அந்தப் புத்தகத்தில் சிறுத்தைக்குக்கூட எண்ணிக்கை இருந்தது. செத்த சனத்துக்கு ஒரு வரி இல்லை. சாதிகாவுக்கு அது பொறுக்கவில்லை. செத்த துரையை எழுப்பினாள். கையில் வாளும் நெஞ்சில் கொஞ்சம் மனச்சாட்சியும் கொடுத்து, எழுமலையில் பூட்டிக் கிடந்த தானியக் கிட்டங்கியை உடைக்க வைத்தாள்.

பதிப்பாளர் ராமதாஸ் முதல் கதையை ஒரே மூச்சில் படித்துவிட்டு, பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். முஸ்லிம் பொம்பளை வாள்சண்டைக் கதை எழுதினால் எவன் வாங்குவான் என்று வருத்தத்தோடுதான் கேட்டார். நல்ல மனிதர்கள் செய்யும் அநியாயம் இப்படித்தான், தாழ்ந்த குரலில் வரும். சாதிகா தலையாட்டினாள். அட்டையில் தன் பெயரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அன்று உள்ளே போய் உட்கார்ந்தது. வேறு ஆசை என்று சொல்ல அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

அவள் தாளில்தான் எழுதுவாள். சின்ன வயதில் அத்தா பழக்கியபடி ஒவ்வொரு தாளின் தலையிலும் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக 786 என்ற எண்ணைப் போடுவாள். தொழுகையை அவள் விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பதில் வராத இடத்தில் இனிக் கேட்பதில்லை என்று யாசீன் இறந்த வருடமே முடிவு செய்துவிட்டாள். மனசு விட்டதைக் கை விடவில்லை, அவ்வளவுதான்.

ராமதாஸிடம் டைப் அடிக்கும் பழைய ஆளுக்கு இது தெரியும், அந்த எண்ணை விட்டுவிடுவார். அவர் வேலையை விட்டு நின்றதும் செல்லக்கிளி வந்தாள். அவளும் மற்ற தாள்களில் விட்டுவிட்டாள். ஆனால் முப்பத்தோராம் புத்தகத்தில் ஒரு கடிதம் புதுத் தாளில் தொடங்கியது. அலங்காநல்லூர் முகாமிலிருந்து துரை லண்டனில் இருக்கும் தங்கைக்கு எழுதுவது. செல்லக்கிளி பார்த்த சாயபு வீட்டுக் கடிதங்களெல்லாம் அப்படித்தான் தொடங்கும். இதுவும் கடிதத்தைச் சேர்ந்தது என்று எண்ணையும் சேர்த்து டைப் செய்துவிட்டாள். நாலாயிரம் பிரதியிலும் ஹார்வுட் பிரபு 786 போட்டு, அதன் கீழே ‘அன்புள்ள எலினார்’ என்று ஆரம்பித்தார்.

ராமதாஸுக்குப் போன் மேல் போன். துரை எப்போது கலிமா சொல்லி முஸ்லிம் ஆனார் என்று ஒருவர் கேட்டுச் சிரித்தார். எழுதுகிறவன் உண்மையில் யார், எந்த ஊர் என்று இன்னொருவர் சிரிக்காமல் கேட்டார். மறுநாள் காலை ராமதாஸ் மாடியேறி வந்தார்.

“தொரைக்கு ஒரு முன்ஷி இருந்தாருன்னு வச்சுருங்கக்கா. கடிதமெல்லாம் அவர்தான் எழுதிக் குடுத்தாரு. அடுத்த புத்தகத்துல சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு.”

சாதிகா பேனாவை மூடிவைத்தாள்.

“நல்ல யோசனைதான் தம்பி. முன்ஷி பேரு சாதிகா.”

“பொம்பள முன்ஷியா? எவன்க்கா நம்புவான்?”

“தொரை கிட்டங்கிய ஒடச்சாருன்னத நம்புனாங்கல்ல?”

ராமதாஸ் சிரித்துவிட்டார். எழுதுங்கள், பார்ப்போம் என்று இறங்கிப் போனார்.

இருபது நாள் எழுதினாள். சோறு வடிக்க மறந்த நாளும் உண்டு. முதல் அத்தியாயத்திலேயே துரை காய்ச்சலில் செத்துப்போனார். மீதிக் கதையை முன்ஷி சாதிகா சொன்னாள். கிட்டங்கியை உடைத்தது துரையல்ல, பசித்த சனங்கள். அவர்களைச் சுட்டுவிடுவார்கள் என்று பயந்து, செத்த துரையின் பெயரில் உத்தரவும் கடிதமும் எழுதிக் காப்பாற்றியவள் அவள். வெள்ளைக்காரன் பெயர் இருந்தால்தான் சோற்றுக்குக்கூட நியாயம் கிடைக்கும் என்பதால் முப்பத்தொரு கதையும் அவன் பெயரில் நடந்தது.

கடைசித் தாளோடு ஒரு துண்டுச் சீட்டும் வைத்தாள். அட்டையில் என் பெயர் போடவும் என்று மட்டும் அதில் இருந்தது.

மூன்று நாள் கழித்துக் காலையில் ராமதாஸ் போனில் பேசினார். இம்புட்டு நல்லா நீங்கள் எழுதியதே இல்லை என்றார். அப்புறம் குரல் தாழ்ந்தது. முன்ஷியை ஆணாக மாற்றிவிடலாம், அட்டையில் விஜய்ஆனந்தே இருக்கட்டும் என்றார்.

“அப்ப தாளெல்லாம் எடுத்து வைங்க தம்பி. வாங்கிக்க வாரேன்.”

“கோவிச்சுக்கிட்டீகளா?”

“இல்ல. முடிச்சுக்கிட்டேன்.”

அன்று மத்தியானம் தாள்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெரியார் நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்றாள். பக்கத்துப் புத்தகக் கடைக்கு ஒருத்தன் ஹெல்மெட்டும் கையுமாக வந்து, இந்த மாசம் துரை வந்தாச்சா என்று கேட்டான்.

“இனி வராதாம் மாப்ள. எழுதுனவரு செத்துப்போனாருன்னு பதிப்பாளரு காலையில சொன்னாரு” என்றார் கடைக்காரர்.

வந்தவன் உச்சுக்கொட்டினான். நல்லா எழுதுவாரே என்றான். சாதிகா ஓரடி முன்னால் வந்தாள். ஒன்பது வருடத்தில் அவளுக்காக யாரும் அப்படி வருத்தப்பட்டதில்லை.

“நான்தான் தம்பி எழுதுனேன்.”

அவன் திரும்பி அவள் முக்காட்டையும் பையையும் பார்த்தான். பெரிய மனுசி ஏதோ விளையாட்டாகச் சொல்கிறாள் என்று மரியாதைக்குச் சிரித்தான். ஒரு சினிமா பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் தாள்கட்டைப் பிரித்து முதல் தாளை எடுத்தாள். தலையில் 786 இருந்தது. அதற்குக் கீழே, எப்போதும் வெறுமையாக விடும் இடத்தில், சாதிகா என்று எழுதினாள். பழக்கமில்லாத எழுத்துப் போலக் கோணலாக வந்தது. மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்ல ஷிபாவைத் தவிர வேறு யாரும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.