சைகோன்காரர் தேடிய கெட்டி மண்

அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டுகிறவன் பிழைப்பு, அடுத்தவர் ஆசைக்கு அடியில் என்ன மண் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது. மனை வாங்கிவிட்டு மழைக்கு மழை சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

வாய்க்கால் ஓரம்

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன மறு வருஷம், சைகோனில் அவர்கள் பட்டாளத்தில் இருந்த சவரிநாதன் ஊருக்குத் திரும்பினார். அங்கே அவர் கல்யாணம் செய்துகொண்ட வியட்நாம் பெண் லான் அம்மா இன்னும் அங்கேயே. வீடு முடிந்ததும் அழைத்துக்கொள்வதாகப் பேச்சு.

மண் பார்த்துச் சொல்ல என்னையும் கூட்டிப்போனார். தரகர் ஒரு மனை காட்டினார். வாங்கிப் போட்டாலே விலை ஏறும் என்றார். கோடையில் வெடித்த களிமண். வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரை போயிற்று. "மழையில உப்பும், வெயில்ல சுருங்கும். சுவரு தாங்காது முசியே" என்று சவரிநாதனிடம் பிரெஞ்சு மரியாதையோடு சொன்னேன். தரகர் என்னை ஓரமாக இழுத்தார்.

"நீ தோண்ட வந்தியா, ஜோசியம் சொல்ல வந்தியா?"

பிள்ளைச்சாவடி

அடுத்தது கடலோர மணல். மூன்றடியில் ஊற்று. குழியின் கரை சரிந்துகொண்டே வந்தது. வேண்டாம் என்றேன். சவரிநாதனுக்கு வர மனமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எட்டு வைத்து அளந்தார். இது கூடம், இது அடுப்பங்கரை, இங்கே லான் நிற்பாள். அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"கெட்டி மண்ணா பாரு மேஸ்திரி. நம்பி அவளக் கூப்பிடணும்."

செம்மண் மேடு

கோரிமேட்டுப் பக்கம் கடப்பாரையே எகிறியது. அங்கேதான் கட்டினோம். ஆனால் லான் அம்மாவுக்குப் புறப்படக் காகிதம் கிடைக்கவில்லை. மூன்று வருஷம். மாதம் ஒருமுறை சவரிநாதன் எனக்கு ஆள் அனுப்பி, சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்வார். சுவருக்கு ஒன்றுமில்லை, அவருக்குத்தான் பேச ஆளில்லை. நான் கிளம்பினால் வாசல் வரை வருவார்.

"மேலண்டச் சுவர இன்னொரு தடவ தட்டிட்டுப் போயேன்."

வந்தார்

ஒருநாள் லான் அம்மா கப்பலில் வந்து இறங்கினார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பின்கதவைத் திறந்து காய்ந்த மேட்டைப் பார்த்தபடி நின்றார். ஆற்றின் மேல் கம்பு நட்டுக் கட்டிய வீட்டில் பிறந்தவராம். "வீடு ரொம்ப நல்லா" என்றார், கற்றுக்கொண்ட தமிழில். "கீழ தண்ணி எங்க?"

சவரிநாதன் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாளே என்னைக் கூப்பிட்டார்.

"கொல்லையில ஒரு குளம் வெட்டு மேஸ்திரி. சின்னதா இருந்தாலும் போதும்."

அதிலிருந்து யார் மனை பார்க்கக் கூப்பிட்டாலும், வீட்டம்மாவும் கூட வந்தால்தான் நான் கடப்பாரையைத் தொடுகிறேன்.