நாலாவது கல்

அக்கா வீட்டுக்காரர் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிப்பவர். தையல்கடை, சலூன், பூக்கடை என்று எல்லாக் கத்தரிகளும் அவர் கைக்கு வந்துதான் போகும். இருபத்திரண்டு வருஷம் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கியதில் விரல்கள் மரத்துவிட்டன. காலையில் சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிடுகிறாள். இன்னும் ஆறு மாதம் சக்கரத்தில் உட்கார்ந்தால் விரலுக்கு உணர்வு திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் அருங்காட்சியகத்தில் ஆள் தேடுவதாகத் தெரிந்தது. ஆதி மனிதர்கள் கல்லில் கோடரி செய்த விதத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட வேண்டும். மாமா போய் நின்றார். பழக மூன்று சிக்கிமுக்கிக் கல்லும், தேர்வு நாளன்று அவர்கள் முன்னால் தட்ட ஒன்றும், செய்முறை அச்சிட்ட தாளும் கொடுத்தனுப்பினார்கள்.

ஓர் உருண்டைக் கல்லால் விளிம்பில் தட்டினால் அடிப்பக்கம் சில்லு பெயரும். திருப்பித் திருப்பித் தட்ட, கல் இலை வடிவத்துக்கு வரும். தாளின் மூன்றாவது வரியை மட்டும் நான் பத்துத் தடவையாவது வாசித்துக்காட்டியிருப்பேன்: ஒவ்வோர் அடிக்கும் முன் விளிம்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து மழுக்கவும், மெல்லிய விளிம்பு அடியைத் தாங்காது.

“கேட்டேன், கேட்டேன்” என்பார். விரலில் உணர்வில்லாததால் விளிம்பைக் கீழுதட்டில் வைத்துப் பார்ப்பார். “எவ்ளோ அழகா வந்துருக்கு, இதைப் போயி மழுக்குறதா?” மழுக்காமலே ஓங்குவார். விளிம்பு கற்கண்டாய்ப் பொடியும். அடி பாதியில் செத்து, கல்லில் படிக்கட்டுபோல ஒரு மேடு நின்றுவிடும். அதற்கப்புறம் எந்த அடியும் அந்த மேட்டைத் தாண்டாது.

மூன்றாவது கல்லும் கொல்லைப்புறத் தார்ப்பாயில் சரளையானபோது அக்கா துடைப்பத்தோடு வந்தாள்.

“என்னங்க, அவங்க கோடரி கேட்டாங்களா, ஜல்லி கேட்டாங்களா?”

“கை கேக்க மாட்டேங்குது.”

“நம்ம வீட்டுக் கத்தி வாழைப்பழத்தக்கூட நறுக்காது. மூணு மாசமா கெஞ்சுறேன், அந்தப் பக்கமே திரும்பல. கத்திய மழுங்க விடத் தெரியுதுல்ல, ஒரு கல்ல மழுக்கத் தெரியாதா?”

அவர் சிரிக்கவில்லை. “மாப்ள, நாளைக்கு நீயும் வா. இருக்குறது ஒண்ணு. நான் தூக்கிட்டு வந்தா வழியிலயே கீழ போட்டுருவேன்.”

அருங்காட்சியகத்தின் பின்னறை. தரை துடைத்த மருந்து நெடி. முன்பக்கம் பலகை அடைத்த மேஜைக்குப் பின்னால், பள்ளிப் பிரிவைக் கவனிக்கும் அம்மாவும் இரண்டு அதிகாரிகளும். மாமா எதிரே குட்டை முக்காலியில், தொடையில் தோல் துண்டு விரித்து, கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முடிக்க ஒரு மணி நேரம்.

நான் பக்கவாட்டுக் கதவோரம் உட்கார்ந்தேன். அங்கிருந்து மேஜைக்கு அடியிலிருந்த குப்பைக்கூடை தெரிந்தது. அதில் அநேகமாக முடிந்துபோன ஒரு கல்கோடரி, நடுவில் முறிந்து, இரண்டு துண்டாகக் கிடந்தது. மாமாவுக்கு அது தெரியாது. பலகை மறைத்திருந்தது.

முதல் அடிகள் நன்றாகவே விழுந்தன. விளிம்பு தடியாக இருக்கும்வரை எதையும் தாங்கும். இருபதாவது நிமிஷம் கல்லை உதட்டுக்குக் கொண்டுபோனார். அதே பழைய மயக்கம் முகத்தில். தட்டினார். பொடிந்தது. மேடு நின்றது. ஒரு அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாமா தட்டுகல்லைக் கீழே வைத்தார். பிறகு தேய்க்கிற கல்லை எடுத்தார். விளிம்பைத் தேய்த்தார். அந்தச் சத்தம் என் பல்லில் ஏறியது. பிடிக்காத மருந்தைக் குடிப்பவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டே தேய்த்தார். ஓங்கித் தட்டினார். இதுவரை கேட்காத ஒரு சுத்தமான ஒலி. வெற்றிலை அகலத்துக்குச் சில்லு முழுசாக மடியில் விழுந்தது.

அதற்குப் பின் தேய்த்தார், தட்டினார், திருப்பினார். உதட்டுக்குப் போகவே இல்லை.

பத்து நிமிஷம் மிச்சமிருக்கையில் கோடரி உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. ஒரு பக்கம் நடுவில் அந்த மேடு மட்டும்.

“நல்லா வந்துருக்கு” என்றார் அந்த அம்மா. “அந்த மேட்டையும் எடுத்துடுங்களேன். நேரம் இருக்குல்ல.”

பிசிறோடு ஒரு கத்தரியைத் திருப்பித் தந்ததில்லை அவர். ஒருமுறை பஸ் ஏறப் போன தையல்காரரை ஓடிப்போய்க் கூட்டிவந்து மறுபடி சாணை பிடித்துக் கொடுத்தவர். தட்டுகல் உயர்ந்தது. என் கண் கூடைக்குப் போனது. தேர்வு நடக்கையில் நான் வாயைத் திறக்க முடியாது.

உயர்ந்த கை அப்படியே நின்றது. கோடரியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தார். கையை இறக்கினார்.

“வேணாம்மா. நடுவுல மெலிஞ்சுபோச்சு. தட்டுனா ரெண்டாப் போயிரும்.”

“அப்ப இது அரைகுறை வேலைதானே?”

“ஆமா. மழுக்காம அடிச்சேன், என் தப்பு. அது அப்படியே இருக்கட்டும்.”

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார், கண்ணாடியைக் கழற்றினார். அந்த அம்மா குனிந்து கூடையிலிருந்த இரண்டு துண்டுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“நேத்து வந்தவர்கிட்டயும் இதையேதான் சொன்னேன். தட்டிட்டாரு.” தாளில் எதையோ எழுதினார். “திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வந்துடுங்க. கண்ணாடி சொந்தமா வாங்கிக்குங்க, இது என்னோடது.”

வெளியே படியிறங்கும்போது மாமா கேட்டார்: “அந்தக் கூடைய நீ பாத்தியா?”

“உக்காந்ததுமே.”

“படுபாவி” என்றார். வேர்வைக்காகத் திறந்துவிட்டிருந்த மேல் பொத்தானை, தெருவில் நிறுத்தி, நான்தான் போட்டுவிட்டேன்.