செஞ்சிக்கோட்டையில் உப்பிய கன்னங்கள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்று அக்கா ஒரு பழைய படத்தைப் போட்டாள். அறுபதுகளில், மழைக்காலம் முடிந்ததும் செஞ்சிக்கோட்டைக்குப் போனபோது நைனா எடுத்தது.

"இன்னா பெரியப்பா, எல்லாருக்கும் கன்னம் உப்பியிருக்குது?" என்று கேட்டாள் தம்பி மகள்.

வாய் நிறையப் புளிச்சோறு, அதுதான்! நாங்கள் சமணர்கள்; பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டோம். நைனாவுக்கோ மாலை வெயில் மலைமேல் விழுந்தால்தான் படம்.

"பொழுது போவுது, சீக்கிரம் சாப்டுங்க" என்று அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் இங்க பாருங்க!" என்று நைனா கத்தினார். மென்றபடியே திரும்பினோம்.

படத்தில் சிரித்தபடி நிற்கும் அம்மாவின் கன்னம் மட்டும் உப்பவில்லை. எங்களுக்குப் பரிமாறி முடிப்பதற்குள் சூரியன் இறங்கிவிட்டது. அன்று அவள் பட்டினி.

படத்தில் மலை மட்டும் அருமையாக விழுந்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் பழைய படங்களில் பசியோடு சிரிப்பது யார்?