மக்காத குப்பைத் தொட்டி பன்னிரண்டு

எங்கள் அலுவலகத்துக்குக் குப்பைத் தொட்டி தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. கேட்பவர்கள் சிரிப்பார்கள். போன மே மாதம் வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடலூரில், துறைமுகத்துப் பக்கம், மூன்று மாடி வாடகைக் கட்டடம். இறால் ஏற்றுமதிக்கான காகித வேலைகளைப் பார்க்கும் கம்பெனி. நாற்பது பேர் சாப்பிட்டு, டீ குடித்து, தாளைக் கிழித்துப் போடும் இடம். நான் நிர்வாகப் பிரிவு. ஃபேன் ஓடவில்லை என்றாலும் பாத்ரூமில் சோப்பு இல்லை என்றாலும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். கறாரான பொம்பளை என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தொட்டிகள் உடைந்துகொண்டே இருந்தன. காலால் மிதித்தால் மூடி திறக்கும் ரகம். வாங்கிய சில மாதத்திலேயே மூடி விரிசல் விடும், பிறகு விளிம்பு பெயரும், கடைசியில் தூக்கும்போது பிடி கையோடு வந்துவிடும். ஒரு திங்கட்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, உடைந்த மூடி ஒன்றை மேஜைமேல் போட்டார்.

“மேடம், இது ஆறாவது. அந்தம்மா டப்பாவ மாடிப்படியில உருட்டி விடுது போல. அடுத்த திங்கக்கிழமை ஹெட் ஆபீஸ்லேந்து வராங்க. அதுக்குள்ள நல்லதா வாங்கிப் போடுங்க. அப்புறமும் ஏதாவது ஆச்சுன்னா அவுங்கள நிறுத்திட்டு ஏஜென்சிக்கிட்ட விட்டுடலாம்.”

அந்தம்மா என்றது எங்கள் துப்புரவு வேலை பார்ப்பவரை. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பக்கத்து மீனவக் கிராமம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். அப்போது மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது. அந்த வீட்டில் உலை கொதித்தது எங்கள் ஆபீஸ் சம்பளத்தில்தான். எனக்கு இது தெரியும். மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். “சரி சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் உடைந்த மூடியைப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாய் பிளாஸ்டிக் மொத்த வியாபாரம் செய்கிறார். கடலூரில் கிடைக்காத கனமான சரக்கு அவரிடம் இருக்கும் என்று கேள்வி. பாய் மூடியைக் கையில் வாங்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது.

“இது யாரும் உடைச்சது இல்லம்மா. மக்கிப்போனது. வெயில்ல கெடந்திருக்கு.”

“ஆபீஸ் உள்ளதான் பாய் இருக்கு.”

“அப்ப யாரோ கழுவி வெயில்ல வைக்கிறாங்க. உங்க ஊர்ல கடல்காத்து வேற. இது பழைய பிளாஸ்டிக்க உருக்கி ஊத்துன மாலு. தாங்காது.”

என் காது சூடாகிவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்ததும் தொட்டிகளைக் கழுவி மொட்டைமாடியில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான். வாடை வருகிறது என்று யாரோ முகத்தைச் சுளித்ததற்காக, தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பாத்ரூம் கதவில் ஒட்டியிருந்தேன். கலர் அழகாக இருக்கிறதென்று அந்த மட்டமான தொட்டிகளைப் பொறுக்கியவளும் நானேதான்.

பாய் இரண்டு தொட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “இது மக்குற மாலு, இது மக்காத மாலு. தட்டிப் பாருங்க, சத்தமே வேற.” மக்காததைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறியும் நின்று காட்டினார். மிதி இரும்பு. மூடியை இணைக்கும் இடத்தில் எவர்சில்வர் கம்பி. உள்ளே தனி வாளி; அதை மட்டும் எடுத்துக் கழுவினால் போதும். “வாளிய நெழல்ல காய வைங்க. வெல ஜாஸ்திதான். ஆனா இன்னொரு வாட்டி என் மூஞ்சில முழிக்க வேண்டியிருக்காது.” சோறு, காய்கறிக்குப் பச்சையில் ஆறு, தாள், பிளாஸ்டிக்குக்கு நீலத்தில் ஆறு என்று பேசிக்கொண்டோம். மேலாளர் சரி என்றதும் போனில் உறுதி செய்வதாக ஏற்பாடு.

திரும்பி வரும் பஸ்ஸில் மேலாளரிடம் எப்படிச் சொல்வதென்று மனதுக்குள் பேசிப் பார்த்தபடியே வந்தேன். கடலூர் நெருங்க நெருங்க வார்த்தை சுருங்கிக்கொண்டே போனது. நல்ல தொட்டி வந்துவிட்டால் எதுவும் உடையாது, உடையாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆபீசுக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் வேலை, யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பாத்ரூம் கதவில் இருந்த தாளைக் கிழித்தது. வெட்கக்கேடுதான்.

புதன்கிழமை மேலாளர் விலைக்குச் சரி சொல்லிவிட்டார். வியாழக்கிழமை நான் மீட்டிங்குக்குள் நுழையும் நேரத்தில் ஆர்டர் கேட்டுக் கடையிலிருந்து போன் வந்தது. அக்கா பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். போனை அவர் கையில் கொடுத்து, “மக்காத குப்பைத் தொட்டி பன்னெண்டுன்னு சொல்லிடுங்கக்கா, அவருக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். பேசியது பாய் இல்லை, கடையில் வேறு ஆள் என்பது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை மதியம் வண்டி வந்து இறக்கியது. பன்னிரண்டும் நீலம். ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெரிய எழுத்தில் ‘மக்காத குப்பை’. பச்சை ஒன்றுகூட இல்லை. மேலாளர் படியிறங்கி வந்து பார்த்தார்.

“பன்னெண்டும் மக்காததா? சோத்த எதுல கொட்டுறது? திங்கக்கிழமை வர்றவங்க கேட்டா நான் என்ன சொல்றது? யாரு ஆர்டர் சொன்னது?”

“அந்த அக்காதான் சார் போன்ல பேசுனாங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஒடைச்சது பத்தாதுன்னு ஆர்டர் வேறயா? சாவிய வச்சிட்டுக் கெளம்பச் சொல்லுங்க மேடம்.”

அக்கா இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேலாளர் கையருகே இருந்த வாசல் மேஜைமேல் வைத்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. என்ன செய்யப்போகிறாய் என்று பார்க்கிற பார்வை.

“சார், அது நான் சொன்ன வார்த்தை” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. “மக்கிப்போகாத தொட்டின்னு நெனச்சு நான் சொன்னேன். கடையில மக்காத குப்பையப் போடுற தொட்டின்னு எடுத்துக்கிட்டாங்க. அக்கா நான் சொன்னத அப்படியே சொன்னாங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “பழசு ஒடைஞ்சதும் அவுங்களால இல்ல சார். வெயில்ல காயவைக்கச் சொன்னது நான். அதான் மக்கிப்போச்சு.”

மேலாளர் என்னையே பார்த்தார். “இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“செவ்வாக்கிழமையே தெரியும் சார்.”

அவர் சாவிக்கொத்தை அக்கா பக்கம் தள்ளினார். “ஆற மாத்தி பச்சையா வாங்குங்க. நடந்தத எழுதிக் குடுங்க மேடம்” என்று மேலே போய்விட்டார். நாற்பது பேருக்கும் கேட்டிருக்கும். கறாரான பொம்பளையின் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

திருப்பி அனுப்ப வேண்டிய ஆறையும் நானும் அக்காவும் வாசல் பக்கம் தூக்கி வைத்தோம். “மன்னிச்சிடுங்கக்கா. வெயில்ல வச்சா இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது” என்றேன்.

“எனக்குத் தெரியும் மேடம். எங்க ஊருல மீன் கூடைய வெயில்ல போடவே மாட்டோம்.”

“அப்ப அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா?”

அக்கா தொட்டியை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். கோபம் இல்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லும் சாதாரணக் குரல்.

“சொன்னேனே. ‘எழுதியிருக்கிறத மட்டும் செய்ங்க’ன்னீங்க.”

எவ்வளவு யோசித்தும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. நான் எங்கே நின்று சொன்னேன், கையில் என்ன வைத்திருந்தேன், அன்றைக்கு என்ன கலர் புடவை கட்டியிருந்தேன் என்பது வரை அவருக்கு ஞாபகம் இருந்தது.