வெளுத்துப்போன முட்டைகள்

பெஹாலா வீட்டில் பள்ளிவிட்டு வந்து கதவைத் திறந்ததும் முதலில் காதில் விழுவது, கூடத்து மீன்தொட்டியின் கண்ணாடியில் கூழாங்கல் மோதும் 'டிக், டிக்' சத்தம்தான். பக்கத்து வீட்டு வங்காளி மாமா, மண்டல் 'காக்கு', குஞ்சிலேயே கொடுத்த இரண்டு ஆஸ்கர் மீன்களும், முட்டையிடும் நாள் நெருங்கினால் வாயால் கல்லைக் கவ்வி எறிந்து இடத்தைச் சுத்தம் செய்யும்.

கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு, ஓர் அடிக்கு வளரும் அந்த மீனை வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்துவிட வேண்டும் என்று வெறி. அந்த மீனில் ஆண், பெண் பார்த்துச் சொல்வது கடினம். ஜோடியை அவையே தேர்ந்துகொள்ள வேண்டும். எங்கள் இரண்டும் ஒட்டியே திரிந்தன. எனக்கு ஒன்பது வயதான மழைக்காலத்தில் மூன்று முறை தட்டைக் கல்மேல் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டன. மூன்று முறையும் இரண்டாம் நாளே முட்டைகள் வெளுத்து, பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்தது.

"நீ கண்ணாடி கிட்ட போய் நின்னிருப்ப. மீன் மிரண்டா முட்டை வீணாத்தான் போகும்" என்றார் அப்பா. வீட்டுக்கு வந்த அலுவலக நண்பர்களிடமும் என்னைக் காட்டி அதையே சொன்னார். நான் கூடத்தில் நுனிக்காலில் நடந்தேன். தோழிகளை அழைப்பதை நிறுத்தினேன். மூன்றாவது முறை அந்தப் பக்கமே போகாமல் சமையலறையிலேயே உட்கார்ந்து படித்தேன். அப்படியும் வெளுத்தபோது, என்னிடமே ஏதோ கெடுதல் இருக்கிறது என்று நம்பினேன்.

பூஜை விடுமுறையில் தொட்டி கழுவ வந்த காக்குவிடம், முட்டைகளைக் கெடுத்தது நான்தான் என்று அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவர் திகைத்துப்போய், "தூர், போகா மேயே, அசட்டுப் பெண்ணே!" என்றார். இரண்டும் முட்டையிடுகிறதே, இரண்டுமே பெண், ஆண் இல்லாமல் எப்படிப் பொரிக்கும்? முதல் தடவையே உன் 'பாபா'விடம் சொல்லிவிட்டேனே என்றார்.

அப்பாவிடம் கேட்டேன். செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல், "ஆபீஸ்ல எல்லாருக்கும் குஞ்சு தரேன்னு சொல்லிட்டேன்மா. இப்ப ரெண்டும் பொண்ணுன்னா சிரிப்பாங்க. நீ சின்னப் பொண்ணு, உன்னை யாரு என்ன சொல்லப் போறா?" என்றார்.

"விடுடி, அதைப் போய் பெரிசு பண்ணிக்கிட்டு" என்றாள் அம்மா. அவள் குரலில் ஆச்சரியமே இல்லை.

அந்த வீட்டை இடித்து ஐந்து மாடி கட்டிவிட்டார்கள். நான் இப்போது ஹவுராவில் இருக்கிறேன். அப்பா தினமும் போனில் பேசுவார். மழையையும் சமையலையும் பற்றிச் சொல்வேன். போன வருடம் என் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்ததை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. நீ என்ன செய்தாய் என்று கேட்டுவிடுவார்.