இணைப்பு நான்கில் கண்ட ஆட்டுக்குட்டி

அலுவலக நடைமுறை நூல் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. வெளியே போகும் கடிதத்தின் தூய நகலையும் அதன் இணைப்புகளையும் வரைவோடு ஒப்பிட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருப்பதை உறுதி செய்ய வேண்டியவர் பிரிவின் கண்காணிப்பாளர். தட்டச்சர் அல்ல. உறையில் போட்டு ஒட்டுகிறவரும் அல்ல. என் பணிக்காலத்தில் இந்த விதியை எத்தனையோ பேருக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன், சிலருக்கு எழுத்து மூலமாகவும். அது உண்மையிலேயே பொருந்த வேண்டிய ஒரு சமயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அப்போது கண்காணிப்பாளராக இருந்தவன் நான்.

என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. அடித்துக் கெட்டுப்போன ஏதோ ஒரு சுற்றறிக்கையின் பின்பக்கம். இடது மூலையில் குண்டூசி துருவேறிச் செய்த இரண்டு பழுப்புத் துளைகள். நடுவில் தட்டச்சில் இப்படி இருக்கிறது: “மாதனூரில் ஏறிய பெரியவரின் மஞ்சள் பைக்குள் ஓர் ஆட்டுக்குட்டி. தலை மட்டும் வெளியே. கண்டக்டர் குட்டிக்கும் டிக்கெட் கேட்டார். பெரியவர் மறுபேச்சில்லாமல் வாங்கினார். குட்டி அதைத் தின்றுவிட்டது.” மஞ்சள் என்ற சொல்லில் ஞ பாதிதான் விழுந்திருக்கிறது. எல்லாம் அந்த அரை எழுத்தால் வந்தது.

அதை அடித்தவரை நாங்கள் டைப்பிஸ்ட் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். வேலூரில் எங்கள் அலுவலகம். துறையின் பெயர் வேண்டாம், பென்ஷன் வாங்குகிறவனுக்கு அது நல்லது. அந்த அம்மா ஆம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வந்ததும் முகம் துடைத்து, எந்திரத்தின் உறையை எடுத்து நான்காக மடித்து நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்காருவார். அந்தத் தமிழ்த் தட்டச்சு எந்திரத்தில் ஞ மட்டும் சிக்கும். சில நாள் விழும், சில நாள் பாதி விழும், சில நாள் போய் ஒட்டிக்கொண்டு திரும்பாது. பழுது பார்க்கக் கோரி முறைப்படி மூன்று முறை எழுதினோம். பொருள் பரிசீலனையில் உள்ளது என்று மூன்று முறையும் பதில் வந்தது. மூன்றிலும் ஞ ஒழுங்காக விழுந்திருந்ததை நான் கவனித்தேன். அவர்களுடைய எந்திரம் நல்ல எந்திரம்.

ஆகவே தபால் வருவதற்கு முன் அந்த அம்மா தினமும் காலையில் ஒரு கெட்டுப்போன தாளைத் திருப்பிச் செருகிச் சோதித்துப் பார்ப்பார். மற்ற தட்டச்சர்கள் சோதனைக்கு விரல் போன போக்கில் எழுத்துகளை அடிப்பார்கள். இவர் அன்று பஸ்ஸில் பார்த்ததை அடிப்பார். ஒரே நிபந்தனை, அதில் ஒரு ஞ வர வேண்டும். “ஷூ கம்பெனிப் பெண் ஒருத்தி பேசிக்கொண்டே விரலில் காய்ந்த பசையை உரித்தாள். இறங்கும்போது இருக்கையில் ஒரு சின்ன விரல் உறை கிடந்தது, கொஞ்சம் மினுமினுப்பாக.” “பாலாற்றில் தண்ணீர் இல்லை என்று எல்லோரும் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். நேற்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார்கள்.” அடித்து முடித்ததும் உருவி எடுத்துக் கூடையில் போட்டுவிடுவார். ஒருமுறை என்ன அது என்று கேட்டேன். “ரிப்பன் பாக்கறேன் சார்” என்றார்.

அந்தக் கூடையில் இருந்ததை நான் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். இதை எழுத எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது. அவர் கையலம்பப் போகும் நேரம் பார்த்து எடுப்பேன். படித்ததும் திரும்பக் கூடையில் போட்டுவிடுவேன். நாள் முழுக்க நான் எழுதியது “தக்க நடவடிக்கைக்காகப் பணிந்தனுப்பப்படுகிறது” என்பதுதான். அதற்கு முன் காலையில் இந்த நான்கு வரி. முதலில் தாள் கசங்கி உருண்டையாகக் கிடக்கும். பிறகு, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, கசங்காமல் ஒரே ஒரு மடிப்போடு கிடந்தது. அதை அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசித்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

ஆட்டுக்குட்டித் தாளை மட்டும் திரும்பப் போட மனம் வரவில்லை. மேசைமேல் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். அன்று மாலையே தோல் தொழிற்சாலைகள் பற்றிய ஓர் அவசர அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. இணைப்புகள் மூன்று. அதே மேசையில் கிடந்த இந்தத் தாளையும் நான்காவதாகக் கவனியாமல் சேர்த்து நானே குண்டூசி குத்தி, நானே ஒப்பிட்டதாகச் சுருக்கொப்பமும் இட்டேன்.

இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “இணைப்பு நான்கில் கண்ட பயணச்சீட்டின் தற்போதைய நிலை குறித்துத் தெளிவான அறிக்கை அனுப்பக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. இணைப்பு மூலத்தில் திருப்பி அனுப்பப்படுகிறது.” அங்கேயும் ஒருவர் அதைப் படித்திருக்கிறார். அவர் கிண்டல் செய்தாரா, கடமையைச் செய்தாரா என்பதும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதிகாரிக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. மணியடித்துக் கூப்பிட்டார்.

“இன்னாய்யா இது, ஆட்டுக்குட்டி? கவர்மெண்ட் ஆபீஸா, ஆட்டுச் சந்தையா? யார் எழுதனது?”

அவர் கேட்டது யார் எழுதியது என்றுதான். யார் இணைத்தது என்று கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது என்பது எங்கள் தொழிலில் ஒரு கலை.

“டைப்பிஸ்ட் அம்மாங்க சார்.”

“மெமோ போடு.”

போட்டேன். வரைவும் நான், ஒப்பிட்டதும் நான். அரசுத் தாளைச் சொந்த எழுத்துக்குப் பயன்படுத்தியது, அலுவல் நேரத்தை வீணடித்தது, பொறுப்பின்மை என்று மூன்று குற்றச்சாட்டுகள். தாள் ஏற்கெனவே கெட்டுப்போனது, நேரம் அலுவல் தொடங்குவதற்கு முந்தையது. இரண்டும் எனக்குத் தெரியும். அந்தக் குறிப்பாணையைத் தட்டச்சு செய்ய அலுவலகத்தில் வேறு ஆள் இல்லாததால் அந்த அம்மாவே அடித்துக் கொடுத்து, அந்த அம்மாவே பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டார். அதில் ஞ எங்கும் வரவில்லை. சுத்தமான நகல்.

அவர் கொடுத்த விளக்கம் எனக்கு மனப்பாடம். “மேற்படி தாள் என்னால் தட்டச்சு செய்யப்பட்டது உண்மை. அதை இணைத்தது நான் அல்ல. இணைத்தவர் யார் என்று தெரியும். சொல்ல விரும்பவில்லை. இனி இவ்வாறு எழுத மாட்டேன்.” எச்சரித்து விடலாம் என்று குறிப்பு எழுதினேன். அதிகாரி ஒப்புக்கொண்டார். பெருந்தன்மை என்று என்னை நானே மெச்சிக்கொண்டதாகவும் ஞாபகம்.

அலுவலகம் அதோடு விடவில்லை. மாதக்கணக்கில் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். “அம்மா, குட்டி இன்னா ஆச்சு? பிரியாணி ஆயிடுச்சா?” அவர் சிரித்துக்கொண்டே, “போய்யா, உனக்கு வேற வேலையில்ல” என்பார். ஆனால் விளக்கம் கொடுத்த மறுநாள் காலையிலிருந்து கூடையில் கிடந்த தாளில் ஞ ஞ ஞ ஞ ஞ என்று இரண்டு வரிசை மட்டும் இருந்தது. பாதி விழுந்தவை, முழுதாக விழுந்தவை, ஒன்றின்மேல் ஒன்று ஏறியவை. அடுத்த நாளும் அதே. அவர் மாற்றலாகிப் போகும்வரை அதே. நான் தினமும் எடுத்துப் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஓய்வூதியர் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். “சார் எழுதாததா, எம்.ஏ. படிச்சவரு” என்று ஏற்றிவிட்டுப் போனார்கள். வெள்ளைத்தாளை எடுத்து வைத்தேன். கை தானாகப் “பொருள்:” என்று எழுதியது. கோடு போட்டு அடித்தேன். “பார்வை:” என்று எழுதியது. யாருக்கு, எந்தக் கடிதத்தின்மேல், என்ன நடவடிக்கை கோரி என்று தெரியாமல் எனக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை. நான்கு நாள் உட்கார்ந்தேன். மலர் என் கட்டுரை இல்லாமல் வந்தது, நன்றாகவே இருந்தது.

அப்போதுதான் அந்த இழுப்பறைத் தாளை எடுத்தேன். டைப்பிஸ்ட் அம்மா அரக்கோணத்தில் மகள் வீட்டில் இருப்பதாகச் சங்கத்தில் விலாசம் கிடைத்தது. பொருள், பார்வை எல்லாம் போட்டு ஒரு கடிதம் எழுதினேன். இணைத்தவன் நான். கூடையிலிருந்து எடுத்தவனும் நான். மன்னிக்கக் கேட்டுக்கொள்கிறேன். கடைசியில் ஒரு கேள்வியும் சேர்த்தேன்: அதையெல்லாம் யாருக்காக எழுதினீர்கள்? எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பதில்தான். நான் படிக்கிறேன் என்று தெரிந்து எழுதியிருந்தால் நான் கெடுத்தது ஒரு விஷயம். தெரியாமல் எழுதியிருந்தால் நான் கெடுத்தது வேறு, இன்னும் பெரிய விஷயம்.

பதினைந்து நாள் பதில் இல்லை. முறைப்படி நினைவூட்டு ஒன்று. நினைவூட்டில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாததால், தாள் வெறுமையாக இருக்கிறதே என்று, அன்று காலை பால் வாங்கப் போனபோது பார்த்ததை இரண்டு வரி சேர்த்தேன். கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், முன்னால் நின்றவளின் முதுகில் அடையாள அட்டை தொங்குவதைப் பார்த்து, சத்தமில்லாமல் அதை முன்பக்கம் திருப்பிவிட்டாள். நினைவூட்டு இரண்டில் அது ஒரு பத்தியாயிற்று. மூன்றில் பார்வை விடுபட்டது. நான்கில் பொருளும் இல்லை. ஐந்தில் பதில் கேட்கவே மறந்திருக்கிறேன். தபாலில் போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏங்க, பதிலே போடாத ஆளுக்கு இம்மாம் எழுதறீங்க. எங்கிட்ட நாலு வார்த்த பேசனா கொறஞ்சா பூடும்?” என்றாள் என் மனைவி.

“மன்னிப்புக் கடிதம்மா அது.”

“இதுலயா? பக்கத்து வீட்டு நாயி பிஸ்கட்ட மண்ணுல பொதைக்கறதுதான் எழுதிகீது.”

படித்திருக்கிறாள். என் மேசையிலிருந்து எடுத்துப் படிக்கவும் ஒரு ஆள் இருப்பது தெரிந்ததும் எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. மறுநாள் தாளைக் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தேன். பிறகு அது எனக்கே பிடிக்காமல் இழுத்துக்கொண்டேன். காலையில் எழுந்தவுடன் இன்றைக்கு என்ன என்று ஒரு பரபரப்பு. பதில் வந்துவிடக் கூடாதே என்றும் ஒரு பயம். வந்துவிட்டால் எந்தக் காரணத்தைச் சொல்லி எழுதுவது? பாவத்தைத் தீர்க்க உட்கார்ந்தவன் சந்தோஷமாக இருப்பது எந்த விதியில் வருகிறது? தெரியவில்லை. தெரியாமலே ஏழு கடிதம் போய்விட்டது.

எட்டாவதை எழுதிக்கொண்டிருந்தபோது அரக்கோணத்திலிருந்து ஒரு கனத்த உறை வந்தது. உள்ளே தனிக் கடிதம் இல்லை. என்னுடைய ஏழு கடிதங்களும் தேதி வரிசையில், ஒரு குண்டூசியில். முதல் கடிதத்தின், அதாவது மன்னிப்புக் கடிதத்தின், மூலையில் “என்.டிஸ்.” என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டிருந்தது. எங்கள் ஆட்களுக்குத் தெரியும். மூலத்தாளையே அனுப்பியவருக்குத் திருப்பிவிட்டு, அலுவலகத்தில் எதையும் வைத்துக்கொள்ளாமல் முடிக்கும் முடிப்பு அது. சிரிக்கவா, கலங்கவா என்று தெரியாமல் தாளைத் திருப்பினேன்.

பின்பக்கம் கையெழுத்தில் ஒரு வரி: “யாருக்காக என்று கேட்டிருக்கிறீர்கள். ஞ-வுக்காக.”

மற்றக் கடிதங்களையும் திருப்பினேன். ஒவ்வொன்றின் பின்பக்கமும் நான்கு நான்கு வரி. அரக்கோணம் ஸ்டேஷன் நடைமேடையில் இஞ்சி டீ விற்கிறவர் ரயில் கிளம்பியதும் தன் டீயைத் தானே குடிப்பது. பேத்தி பஞ்சுமிட்டாயை மழையில் நீட்டிவிட்டு அது எங்கே போனது என்று கேட்டது. மையின் நிறம் கடிதத்துக்குக் கடிதம் மாறியிருந்தது. என் கடிதம் போய்ச் சேர்ந்த அன்றைக்கன்றைக்கே எழுதியிருக்கிறார், அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை, பிறகு ஏன் அனுப்பினார் என்று எங்கும் இல்லை. மன்னித்தேன் என்றும் இல்லை. ஏழாவதன் பின்பக்கம் மட்டும் அலுவலக நடையில் இருந்தது:

“இணைப்பு நான்கில் கண்ட பயணச்சீட்டின் நிலை குறித்து: ஆட்டுக்குட்டி அதைத் தின்னவில்லை. பெரியவர் மடித்துக் காதில் செருகிக்கொண்டார். தின்றது என்று எழுதினால் கொஞ்சம் நன்றாயிருக்கும் என்று தோன்றியது, எழுதினேன்.”

கொஞ்சம் என்பதில் ஞ முழுசாக இருந்தது.

இதை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டாவது கடிதத்தை நிறுத்துவதா, தொடர்வதா என்றும் தெரியவில்லை. தொடர்ந்தேன். இழுப்பறைத் தாளை வெளியே எடுத்து, பழைய துளைகளிலேயே புதுக் குண்டூசியைச் செலுத்தி, இந்த ஏழோடும் சேர்த்தேன். பிறகு பழக்கம் விடாமல், ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில், பதில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: பிப்ரவரி பதினொன்று, புதன்கிழமை.